ஆடுபவருக்கே ஆட்டம்

பெண்கள் விளையாட்டைப் பற்றி நம் ஏடுகளில் வருபவை பெரும்பாலும் பதக்கக் கணக்குகள். யார் வென்றார், எத்தனை வினாடியில் ஓடினார், அரசு எவ்வளவு பரிசுத்தொகை அறிவித்தது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆட்டத்தின் விதிகளை வகுத்தவர் யார், பயிற்சி நேரத்தைக் குறித்தவர் யார், மண்டபச் சாவி யாரிடம் இருந்தது, சங்கக் கணக்கில் கையெழுத்திட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தன் உடலைப் பணயம் வைத்து ஆடும் பெண்ணுக்கு அந்த ஆட்டத்தில் என்ன உரிமை இருக்கிறது என்பதை இந்தக் கேள்விகள்தாம் வெளிக்கொண்டுவரும்.

இவற்றுக்கு நேரான பதில் வைத்திருக்கும் ஆட்டம் ரோலர் டெர்பி. சக்கரக் காலணி அணிந்த பெண்கள் நீள்வட்டப் பாதையில் ஒருவரையொருவர் இடித்து, தடுத்து, விலக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் இது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் வாசகர்களில் பெரும்பாலோர் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பார்வைக்கு முரட்டு ஆட்டம்தான். ஆனால் இதன் அமைப்பு முறை, தமிழகத்து விவசாயச் சங்கங்கள் ஒருகாலத்தில் எழுப்பிய முழக்கத்தின் பக்கத்தில் நிற்கத் தகுந்தது. உழுபவருக்கே நிலம் என்றார்கள் அவர்கள். ஆடுபவருக்கே ஆட்டம் என்கிறார்கள் இவர்கள். இந்த அமைப்பு எப்படிப் பிறந்தது, அதற்குள் ஒரு பெண்ணின் அன்றாடம் எப்படி நடக்கிறது, பினாங்குத் தமிழ்ப் பெண்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது.

முதலாளியின் ஆட்டம்

ரோலர் டெர்பி பிறந்தது அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில். திரையரங்குகளும் நெடுநேர நடைப்போட்டிகளும் நடத்திவந்த லியோ செல்ட்சர் என்ற தொழிலதிபர், 1935 ஆகஸ்ட் 13 அன்று சிகாகோ கொலிசியம் அரங்கில் முதல் போட்டியைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் இணையாகச் சேர்ந்து, அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் தொலைவை, அதாவது ஏறத்தாழ 3,000 மைல்களை, அரங்கத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் ஓடி முடிக்க வேண்டும். சில ஆண்டுகளில், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் இடிக்கும்போதுதான் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது என்பது நடத்துபவர்களுக்குப் புரிந்தது. விளையாட்டு எழுத்தாளர் டேமன் ரன்யனின் யோசனையையும் ஏற்று, இடித்தலையே ஆட்டத்தின் மையமாக ஆக்கினார் செல்ட்சர். 1940களின் இறுதியில் தொலைக்காட்சி அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொடக்கம் முதலே பெண்களும் ஆண்களும் ஒரே விதிகளின்கீழ் ஆடினார்கள். அந்தக் காலத்தில் வேறெந்தத் தொழில்முறை விளையாட்டிலும் எளிதில் காணமுடியாத சமத்துவம் அது. ஆனாலும் பாதையும் பெயரும் நுழைவுச்சீட்டு வருமானமும் செல்ட்சர் குடும்பத்துக்கே சொந்தம். ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் பேருந்தில் போய் ஆடும் கூலித் தொழிலாளர்கள். 1937 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தின் சேலம் அருகே அப்படி ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகி, குழுவைச் சேர்ந்த ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். பிற்காலத்தில் தொழிலை நடத்திய செல்ட்சரின் மகன் 1973இல் அதை மூடினார். முதலாளி கடையைச் சாத்தியதும் ஆட்டமும் நின்றது. ஆண்களுக்கு நிகராக ஆடும் உரிமை பெண்களுக்கு இருந்தது. ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தும் உரிமை இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு உரிமைகள்.

தட்டைத் தரை தந்த விடுதலை

ஆட்டம் மீண்டும் உயிர்பெற்றது 2001இல், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில். அங்கும் முதலில் ஓர் ஆண்தான் பெண்களைத் திரட்டினார். பணம் பற்றிய பூசலில் அவர் விலகிப் போனதும், கூடியிருந்த பெண்கள் கலையவில்லை. தாங்களே நடத்துவதென்று முடிவெடுத்தார்கள். அடுத்த சிக்கலும் விரைவில் வந்தது. சிலர் மட்டும் உரிமையாளர்களாக இருப்பதா, ஆடும் எல்லோரும் உரிமையாளர்களா என்ற கேள்வியில் 2003இல் அணி பிளந்தது. எல்லோருக்கும் சம உரிமை கேட்டவர்கள் தனியே பிரிந்து டெக்சஸ் ரோலர்கேர்ள்ஸ் என்ற பெயரில் அமைந்தார்கள்.

பிரிந்தவர்களிடம் ஒரு குறை இருந்தது. பழைய ரோலர் டெர்பி, ஓரம் உயர்ந்து சரிந்த மரப்பாதையில் ஆடப்படுவது. அதைக் கட்டப் பெரும்பணம் வேண்டும். கட்டியபின் வைக்க நிரந்தர இடம் வேண்டும். இவர்களிடம் இரண்டும் இல்லை. ஆகவே வழவழப்பான எந்தத் தரையிலும் கயிற்றை நீள்வட்டமாகப் பரப்பி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, தட்டையான பாதையை அமைத்தார்கள். நாடாவின் அடியில் கயிறு ஏன்? எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டோம் என்பதை ஆட்டக்காரரின் சக்கரமே உணரவேண்டும் என்பதற்காக. குனிந்து பார்க்க நேரமில்லாத ஆட்டத்தில் பாதமே கண்ணாகிறது. ஆட்டம் முடிந்ததும் நாடாவைப் பிய்த்துச் சுருட்டினால் மண்டபம் மறுநாள் கல்யாணத்துக்குத் தயார்.

பெண்கள் ரோலர் டெர்பி உலகெங்கும் பரவியதற்கு இந்தக் கயிறும் நாடாவும் பெருங்காரணம். முதலீடு தேவைப்படாத இடத்தில் முதலீட்டாளரும் தேவைப்படவில்லை. முதலீட்டாளர் இல்லாத இடத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் ஆடுபவர்களிடமே தங்கியது. 2004இல் பல நகர அணிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு, பெண்கள் தட்டைப்பாதை டெர்பி சங்கமாக வளர்ந்து, ஒரு கட்டத்தில் 400க்கும் மேற்பட்ட உறுப்பு அமைப்புகளைக் கொண்டிருந்தது. உறுப்பு அமைப்பை ஆட்டக்காரர்களே நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி. 2011இல் டொராண்டோவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் 13 நாட்டு அணிகள் ஆடின. 2018இல் மான்செஸ்டரில் ஆடியவை அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த 2018 போட்டியில் பூர்வகுடி மக்களின் பெண்கள், நாட்டெல்லைகளைத் தாண்டி ஒரே அணியாகக் களமிறங்கினார்கள். ஆடுபவர்கள் நடத்தும் போட்டி என்பதால்தான், தேசக்கொடி இல்லாத அணிக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இரண்டு நிமிடத்துக்குள்

ஆட்டத்தைப் புரிந்துகொள்ளக் கபடி தெரிந்தால் போதும். கபடியில் பாடிச்செல்பவர் எதிரணியின் எல்லைக்குள் புகுந்து, தொட்டுத் திரும்பினால் புள்ளி. ரோலர் டெர்பியில் ஓர் அணிக்கு ஒரு ஜாமர். தலைக்கவசத்தின் மேல் நட்சத்திரம் பொறித்த உறை அணிந்திருப்பார். அவரோடு நான்கு பிளாக்கர்கள். இரண்டு அணிகளின் பிளாக்கர்கள் எட்டுப் பேரும் ஒரு திரளாக முன்னால் நிற்க, இரண்டு ஜாமர்களும் பின்னாலிருந்து பாய்வார்கள். திரளை முதல்முறை கடப்பதற்குப் புள்ளி கிடையாது. சுற்றி வந்து மறுபடி கடக்கும்போது, விதிப்படித் தாண்டும் எதிரணிப் பிளாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. இந்த ஒரு சுற்றுக்கு ஜாம் என்று பெயர். மிஞ்சினால் இரண்டு நிமிடம். முப்பது விநாடி இடைவெளிக்குப் பின் அடுத்த ஜாம். இப்படி முப்பது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள்.

இங்கே கபடிக்கும் டெர்பிக்கும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. கபடியில் தடுப்பவர்கள் கைகோத்துச் சங்கிலி போடுவார்கள். அதுவே அவர்களின் பலம். டெர்பியில் கைகோத்துச் சுவர் கட்டுவது குற்றம். மூன்று பெண்கள் தோளும் இடுப்பும் உரச நெருங்கி நின்று, ஒருவர் பின்னோக்கி ஓடியபடி மற்ற இருவரின் தோளில் கைகளை ஊன்றி, எதிரணி ஜாமரைத் தங்கள் முதுகாலும் இடுப்பாலும் அடைத்து நிறுத்துவார்கள். பிடிக்காமலே சேர்ந்து நிற்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அவருடைய எடை நகர்வதிலிருந்தே அறியவேண்டும். முழங்கையால் இடிப்பது, தலையில் மோதுவது, முதுகில் தள்ளுவது, காலை வாருவது ஆகியவற்றுக்குத் தண்டனை முப்பது விநாடி வெளியே உட்காருவது. ஏழு தண்டனை சேர்ந்தால் அன்றைய ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

திரளை முதலில் விதிப்படிக் கடந்த ஜாமருக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு கைகளாலும் தன் இடுப்பைத் திரும்பத் திரும்பத் தட்டினால், இரண்டு நிமிடம் முடியும் முன்னரே ஜாமை நிறுத்திவிடலாம். எதிரணி புள்ளி எடுப்பதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தும் ஜாமரின் கணக்கு, சதுரங்கக் கணக்குக்கு இளைத்ததல்ல. தான் முன்னேற முடியாதபோது நட்சத்திர உறையைக் கழற்றித் தன் அணியின் பிவட் என்ற ஆட்டக்காரரிடம் கொடுத்து, ஜாமர் பொறுப்பை அவருக்கே மாற்றிவிடவும் விதி இடம் தருகிறது. முரட்டுத்தனம் என்று வெளியிலிருந்து தெரிவது, உள்ளே போனால் பெரும் கட்டுப்பாடு.

அணியே ஒரு குடும்பம் ஆகும் விதம்

ரோலர் டெர்பி அணியில் சேரும் பெண்ணுக்குக் கற்றுத்தரும் முதல் பாடம் விழுவது. எப்படி விழவேண்டும் என்று தெரிந்தபின்தான் எப்படி ஓடவேண்டும் என்பது வரும். முழங்கால் கவசத்தின் மேல் ஒரு காலால் விழு, உடலைச் சுருக்கு, விரல்களை மடக்கு, உடனே எழு. விரலை விரித்து விழுந்தால் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறிவிடும். தலைக்கவசம், பல்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள் இல்லாமல் பாதையில் கால்வைக்க முடியாது. ஒருகாலத்தில் ஐந்து நிமிடத்தில் 27 சுற்று ஓடிக்காட்டினால்தான் போட்டிக்குத் தகுதி என்று சங்கத்தின் அடிப்படைத் திறன் பட்டியல் வைத்திருந்தது.

நம் வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணிடம் சொல்லப்படுவது வேறு. மெதுவாக நட, ஓடாதே, கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் கட்டிக்குவா? விழுவது அவமானம், தழும்பு குறை. இந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்த உடலுக்கு, விழுவதைத் திறமையாகப் பயில்வது பெரிய திருப்பம். அச்சம் குறையும்போது நடையே மாறும். டெர்பி அணிகளில் மாணவிகளும் தாதியரும் ஆசிரியைகளும் நாற்பதைக் கடந்த தாய்மார்களும் புதிதாகச் சேர்வது உலகெங்கும் வழக்கம். மெலிந்த ஜாமர் இடுக்கில் புகுவார். பருத்த பிளாக்கர் பாதையை அடைப்பார். உடலை இளைக்கச் சொல்லாமல், இருக்கும் உடலுக்கு ஒரு வேலை தரும் விளையாட்டுகள் அதிகம் இல்லை.

ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் ஆட்டப்பெயர் சூட்டிக்கொள்வதும் இங்கே மரபு. மலேசிய இந்தியப் பெண்ணின் அடையாள அட்டையில் அவள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இன்னாரின் மகள் என்ற குறிப்பு இருக்கும். கல்யாணத்துக்குப் பின் ஊரார் வாயில் அவள் இன்னாரின் மனைவி, பிறகு இன்னாரின் அம்மா. வாரத்தில் இரண்டு மாலைகளாவது தானே வைத்துக்கொண்ட பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று இருப்பதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இவற்றைவிடப் பெரிய பாடம் பாதைக்கு வெளியே நடப்பது. முழுமையாக நடத்தப்படும் ஒரு போட்டிக்கு ஏழு நடுவர்கள் வரை சக்கரத்தில் ஓடவேண்டும்; அதற்குமேல் புள்ளி குறிப்பவர், நேரம் பார்ப்பவர், தண்டனைப் பலகை எழுதுபவர் என்று இன்னும் பலர் வேண்டும். இவர்கள் எல்லோரும் தொண்டர்கள். ஒரு குழுவிடம் கணக்கு, இன்னொன்றிடம் பயிற்சி, மற்றொன்றிடம் விளம்பரம், வேறொன்றிடம் புதியவர்களை வரவேற்கும் பொறுப்பு. காயம்பட்டவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கால் குணமாகும்வரை புள்ளிப் பலகைக்கு உட்காருவார். ஆட்டத்தை விட்டவர் நடுவராவார். மாதச் சந்தாவை எவ்வளவு ஏற்றுவது, மண்டப வாடகையை எப்படிக் கட்டுவது, முறைகேடாக நடந்துகொண்ட உறுப்பினரை என்ன செய்வது என்ற விவாதங்கள் நள்ளிரவுவரை நீளும். களைப்பும் மனத்தாங்கலும் இதில் உண்டு. பயிற்சிக்கு மேல் நிர்வாகச் சுமையும் சேர்ந்து பலரை விலகவைப்பது இந்த அமைப்பின் உண்மையான பலவீனம். ஆனால் இந்தச் சுமையைச் சுமந்த பெண், கூட்டம் நடத்தவும் வரவுசெலவு எழுதவும் எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டு வெளிவருகிறாள். பதக்கம் பெட்டிக்குள் இருக்கும். இந்தத் தேர்ச்சி அவளோடு அலுவலகத்துக்கும் ஆலய நிர்வாகக் கூட்டத்துக்கும் வரும்.

பிற பண்பாடுகள் இதைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கின்றன. கெய்ரோவில் 2012இல் தொடங்கிய கெய்ரோலர்ஸ் அணியில் தலைக்கவசத்தின் அடியில் முக்காடு அணிந்து ஆடியவர்கள் உண்டு. நமக்கு அருகே சிங்கப்பூரில் பெண்கள் தங்கள் அணிக்குச் சில்லி பாடி என்று உள்ளூர் மிளகாயின் பெயரைச் சூட்டினார்கள். மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஒரே திரளில் நிற்கக்கூடிய பினாங்கில் இந்த நெகிழ்வு பெரிதும் உதவும்.

சக்கரத்தில் தமிழ்ப் பெண்கள்

சக்கரக் காலணி தமிழ்ப் பெண்களுக்கு அந்நியம் என்று எண்ணவேண்டியதில்லை. 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3,000 மீட்டர் சக்கரக் காலணித் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. கார்த்திகா ஜெகதீஸ்வரன், சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது, சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜ் ஆகிய நால்வர் அந்த அணி. தடகளத் தொடர் ஓட்டத்தில் கைமாறுவது ஒரு குச்சி. சக்கரத் தொடர் ஓட்டத்தில் குச்சி இல்லை; ஓடிவருபவர் குனிந்து, முன்னால் இருக்கும் தோழியின் இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து, தன் வேகத்தையெல்லாம் சேர்த்து ஒரு தள்ளு தள்ளுகிறார். கைமாறுவது வேகமே. டெர்பி ஆட்டக்காரர்கள் தங்கள் ஜாமரின் கையைப் பிடித்துச் சுழற்றி முன்னே வீசுவதும் இதே தத்துவம்தான். ஒருத்தியின் உடலில் திரண்ட விசை இன்னொருத்தியின் ஓட்டமாகிறது.

மோதி ஆடும் ஆட்டத்திலும் நம் பெண்கள் பின்தங்கவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த வேறொரு கார்த்திகா இருந்தார். குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடம் கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் ஆசிய அளவில் தங்கம் பெறுவது பெருமிதத்துக்குரியது.

ஆனால் கபடியின் நிர்வாக வரலாறு இன்னொரு கதை சொல்கிறது. இந்தியக் கபடிச் சம்மேளனத்தின் தலைமை ஒரே மனிதரிடம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்து, பின்னர் அவருடைய மனைவிக்குப் போனது. முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் டில்லி உயர்நீதிமன்றம் அந்தத் தேர்வைச் செல்லாதென்று தள்ளி, நிர்வாகி ஒருவரை நியமித்தது. ஆட்டக்காரர் களத்தில் உலகை வென்றாலும், தன் சங்கத்தில் குரல் எழுப்ப நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைத்தான் ரோலர் டெர்பியின் அமைப்பு முறை அடைக்க முயல்கிறது.

மலாயா மண்ணில் தமிழ்ப் பெண்களின் விளையாட்டு வரலாறும் தனி வீராங்கனைகளின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எம். ராஜமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே ஆண்டில் மலேசியாவின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றார். அவருடைய பெயர் நினைவில் நிற்கிறது. அவரைப்போல் ஓடப் பழகிய தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு சங்கம், ஒரு செயற்குழு, ஒரு நிலையான மைதானம் அமைந்திருந்தால் எத்தனை பெயர்கள் நின்றிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. முன்மாதிரியே இல்லை என்றும் சொல்லமுடியாது. பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நீரிணைக் குடியேற்ற ஆட்சியின்கீழ் இருந்தபோது, 1930இல் சிங்கப்பூர் யுரேஷியப் பெண்கள் தங்களுக்கென்று மகளிர் விளையாட்டு மன்றம் ஒன்றைத் தொடங்கித் தாங்களே நடத்தினார்கள். ஆஸ்டினுக்கு எழுபது ஆண்டு முந்திய முயற்சி அது.

பினாங்கு: தரையும் நேரமும்

பினாங்கில் பெண்கள் விளையாட்டு என்றதும் முதலில் வரும் பெயர் நிக்கோல் டேவிட். எட்டு முறை உலக ஸ்குவாஷ் பட்டம் வென்று, 2006 ஆகஸ்டிலிருந்து 2015 செப்டம்பர்வரை இடைவிடாமல் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் புக்கிட் டும்பார் ஸ்குவாஷ் மையத்தை நினைத்துப் பாருங்கள். நகருக்குள், பிள்ளைகள் பள்ளி முடிந்து போகக்கூடிய தொலைவில், பொதுமக்களுக்கான ஆடுகளம் இருந்ததும் இத்தீவு ஸ்குவாஷில் தலைநிமிரக் காரணம். திறமை எங்கும் பிறக்கிறது. தரை இருக்கும் இடத்தில்தான் அது வளர்கிறது.

ரோலர் டெர்பிக்குத் தேவையான தரை, பாதையைச் சுற்றிலும் விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளியோடு, ஏறத்தாழ 33 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். ஒரு கூடைப்பந்து ஆடுகளத்தைவிடப் பெரிது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் அது கிடைக்காது. சமூக மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் தேடவேண்டும். அந்த மண்டபங்களின் மாலை நேரத்தை யார் பெறுகிறார்கள் என்பதே அடுத்த கேள்வி. பேட்மின்டனுக்கும் ஃபுட்சாலுக்கும் கல்யாணங்களுக்கும் நடுவில், புதிதாக வரும் பெண்கள் அணிக்கு வாரத்தில் இரண்டு இரவு ஒதுக்கச் சொல்லும் பலம் அமைப்புக்குத்தான் உண்டு, தனிமனிதருக்கு இல்லை.

நேரத்தின் கதையும் இப்படித்தான். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கிய நாள்முதல் பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களின் உழைப்பில் ஓடியவை. மூன்று இனத்துப் பெண்களும் அங்கே ஷிப்ட் வேலை பார்த்தார்கள். காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறிமாறி வரும் வாழ்க்கையில் செவ்வாயும் வியாழனும் இரவு எட்டு மணிக்குப் பயிற்சி என்று யாரோ ஒருவர் அறிவித்தால் பாதிப் பேரால் வரமுடியாது. பாலம் தாண்டிப் பட்டர்வொர்த்திலிருந்து வருபவருக்கு இரவு பத்தரை மணிக்குப் பேருந்து கிடைப்பதும் உறுதியில்லை. ஆடுபவர்களே நேரத்தை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் உள்ளே வரும். யார் யாரை மோட்டார்சைக்கிளில் ஏற்றிப்போவது, யாருடைய பிள்ளையை மண்டபத்தின் ஓரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்பவையும் பயிற்சித் திட்டத்தின் பகுதியாகும்.

பொதுப்பணத்தைப் பற்றியும் பொதுவெளியைப் பற்றியும் பெண்களைக் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் பினாங்குக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கப்பட்ட பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், இரண்டு நகராட்சிகளோடும் சேர்ந்து பாலின நோக்கிலான வரவுசெலவுத் திட்டத்தை முன்னெடுத்தது. அதன் முன்னோடிக் களங்களில் ஒன்று ஜார்ஜ் டவுனின் ஜாலான் சுங்கை மக்கள் வீட்டுத் திட்ட அடுக்குமாடிகள். மற்றொன்று செபராங் பிறையின் அம்பாங்கான். அங்கே ஆண்கள், பெண்கள், முதியோர், பிள்ளைகள் என்று ஒவ்வொரு பிரிவினரின் தேவையும் தனித்தனியே கேட்டறியப்பட்டு, பணத்தை எதற்குச் செலவிடுவதென்று குடியிருப்பாளர்களே வாக்களித்தார்கள். ஒரு மண்டபத்தின் மாலை நேர அட்டவணையை இதே முறையில் வகுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத் திறந்தவெளியில் ஆண்பிள்ளைகள் பந்தாடுவதும் பெண்பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து பார்ப்பதும் இயல்பாக நடப்பவை அல்ல. நேரமும் இடமும் பங்கிடப்பட்ட விதத்தால் நடப்பவை. 2011 இறுதியில் லெபோ பந்தாய் சாலையை ஞாயிறு காலைகளில் வாகனங்களுக்கு மூடத் தொடங்கியபோது, நகரத்தின் தார்ச்சாலையே சிறிது நேரம் மிதிவண்டிக்கும் நடைக்கும் விளையாட்டுக்கும் உரியதானது. முடிவெடுத்தால் தரை கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

தொடங்கும் வழி

மலேசியாவில் விளையாட்டு மன்றம் தொடங்கும் வழி தெளிவானது. 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும், அமைப்பு விதிகள் வேண்டும், செயற்குழு வேண்டும், கணக்கு வேண்டும். இதில் மலேசியத் தமிழர்களுக்கு அனுபவக் குறைவு கிடையாது. ஆலய நிர்வாகம், இளைஞர் மணிமன்றம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஆண்டுக்கூட்டமும் தீர்மானமும் தேர்தலும் நம் ரத்தத்தில் ஊறியவை. மகளிர் பிரிவு என்று ஓரமாக ஒரு நாற்காலி ஒதுக்கும் பழக்கமும் அதே ரத்தத்தில் இருக்கிறது. ஆகவே பெண்கள் அணியை ஏதாவது ஒரு பெரிய சங்கத்தின் கிளையாகத் தொடங்காமல், தனி மன்றமாகவே பதிவுசெய்வது நல்லது. ஆடுபவருக்கும் நடுவருக்கும் புள்ளி குறிப்பவருக்கும் சமமான வாக்கு என்பதை முதல் விதியாகவே எழுதவேண்டும்.

ஆட்டம் ரோலர் டெர்பியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கபடியாகலாம், ஹாக்கியாகலாம், சிலம்பமாகலாம். ஆயினும் டெர்பிக்குச் சாதகமான ஒரு காரணம் உண்டு. கைமாறி வந்த பழைய அதிகாரம் எதுவும் இந்த ஆட்டத்தின்மேல் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அதை விளையாட முதலில் கூடும் பெண்களே அதன் பயிற்சியாளர்கள், நடுவர்கள், நிர்வாகிகள். எல்லோரும் ஒரே நாளில் விழக் கற்றுக்கொள்வார்கள். எவருக்கும் மூத்தவர் என்ற உயரம் இருக்காது.

பெற்றோரிடமும் சங்கத் தலைவர்களிடமும் கேட்கவேண்டியது இதுதான். பெண்பிள்ளைகளை ஆடவிடுங்கள் என்பதோடு நிற்கக்கூடாது. ஆட்டத்தை நடத்தவும் விடுங்கள் என்று கேட்கவேண்டும். மண்டபத்தில் வாரம் இரண்டு இரவுகளை எழுத்தில் ஒதுக்குங்கள். மகள் நீலம்பாரித்த தோளோடு வீடு திரும்பும்போது பதறுவதற்குமுன் ஆட்டம் எப்படிப் போனது என்று கேளுங்கள். அவள் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், வென்ற பதக்கத்துக்குச் சொல்லும் வாழ்த்தை அதற்கும் சொல்லுங்கள். செல்ட்சரின் பெண்களுக்கு வேகமும் வலிமையும் ரசிகர் கூட்டமும் இருந்தன. ஆனாலும் ஒருவர் கதவைச் சாத்தியதும் அவர்களின் ஆட்டம் நின்றது. ஆஸ்டின் பெண்களிடம் கயிறும் நாடாவும் வாக்குரிமையும்தாம் இருந்தன. அவர்கள் தொடங்கியதைச் சாத்தும் கதவு எவரிடமும் இல்லை. பினாங்கில் தொடங்கும் எந்தப் பெண்கள் அணியும் இரண்டாவது வழியில் தொடங்கவேண்டும்.